ஒரு வினைக்கு இரண்டு அழுத்தம்: போர்த்துகீசிய வினைவடிவங்களில் அசையும் சொல்லெல்லையும்

1. கேள்வி

போர்த்துகீசிய எழுத்துநடையில் 'அதை வாங்குவேன்' என்பதை 'கொம்ப்ரா-லு-ஏய்' என்று எழுதலாம். 'கொம்ப்ரா' வாங்குதலைக் குறிக்கும் வினை. 'ஏய்' எதிர்காலத்தையும் தன்மை ஒருமையையும் சேர்த்துக் காட்டும் விகுதி. நடுவில் நிற்கும் 'லு' என்பது 'அதை' என்னும் செயப்படுபொருள். பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் இடைநிலையோ சாரியையோ வருவது நமக்குப் பழக்கமானதுதான். அந்த இடத்தில் ஒரு முழுப் பெயரே வந்து நிற்பது அப்படிப்பட்டதல்ல. இலத்தீனிலிருந்து கிளைத்த பெரிய மொழிகளுள் இந்த அமைப்பு இன்றைய எழுத்துநடையிலும் எஞ்சியிருப்பது போர்த்துகீசியத்தில்தான். இலக்கணிகள் இதற்கு வைத்த பெயர் 'மெஸாக்லிஸ்'. 'இடையில் சாய்ந்து நிற்பது' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இப்படி உருவாகும் வடிவம் ஒரு சொல்லா, இரண்டா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இணைப்புக்கோட்டைப் பார்த்தால் மூன்று துண்டுகள் இருக்கின்றன. அசை பிரித்தால் அந்தத் துண்டுகளோடு பொருந்தாத வேறு துண்டுகள் வருகின்றன. அழுத்தத்தைக் கேட்டால் இரண்டு. வினைத்திரிபுப் பட்டியலில் தேடினால் ஒன்று. இந்த நான்கு விடைகளும் ஏன் ஒன்றுக்கொன்று இணங்கவில்லை என்பதை விளக்காத வரை, அழுத்தக்குறி எங்கே வரும், வரியிறுதியில் எங்கே உடைக்கலாம் என்பன போன்ற விதிகள் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

எழுதுமுறை பற்றி ஒரு குறிப்பு. போர்த்துகீசிய வடிவங்களை இங்கே லிஸ்பன் உச்சரிப்பைத் தழுவித் தமிழெழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் அசை நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் இருக்கும். இந்த வழக்கம் நான் புதிதாக உண்டாக்கியது அல்ல. மேசை, சாவி, பாதிரி, அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தபோது, மூலத்தில் அழுத்தம் பெற்ற அசைதான் தமிழில் நெடிலாயிற்று. அன்றைய தமிழ்க் காது செய்ததையே நானும் செய்கிறேன். இலத்தீன் வடிவங்களிலும் இங்கே நெடில் அழுத்தத்தை மட்டுமே குறிக்கும்.

2. வினையில் அழுத்தம் எங்கே விழுகிறது

போர்த்துகீசியச் சொல்லின் அழுத்தம் கடைசி மூன்று அசைகளுள் ஒன்றில் விழும். அதற்கு முன்னால் போவதில்லை. பள்ளி இலக்கணம் சொற்களை இதன்படியே மூவகையாகப் பிரிக்கிறது. இறுதியசையில் அழுத்தம் பெறுபவை 'அகூதா', ஈற்றயலில் பெறுபவை 'க்ராவெ', அதற்கும் முந்தைய அசையில் பெறுபவை 'இஷ்த்ரூஷுல'.

வினைகளில் இந்த எல்லைக்குள் இன்னொரு ஒழுங்கும் செயல்படுகிறது. ஒரு காலத்தின் வடிவங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அழுத்தம் ஒரே உறுப்பின்மேல் நிலைத்திருக்கும் போக்கு தெரியும். 'பாடிக்கொண்டிருந்தான்' என்பது 'கந்தாவ'. 'பாடிக்கொண்டிருந்தோம்' என்பது 'கந்தாவமுஷ்'. இரண்டிலும் அழுத்தம் 'தா' என்ற அசையில், அதாவது வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் உயிரின்மேல் நிற்கிறது. இலத்தீனில் அப்படி இல்லை. அங்கே பன்மை வடிவம் 'கந்தபாமுஸ்'. அழுத்தம் ஓர் அசை தள்ளி விழுந்தது. இத்தாலியம் அந்தப் பழைய இடத்தைக் காப்பாற்றிக் 'கந்தவாமொ' என்கிறது. போர்த்துகீசியத்துக்கு மிக நெருங்கிய உறவான கலீசிய மொழியின் பொதுவழக்கிலும் அழுத்தம் 'பா'வில்தான். போர்த்துகீசியமும் ஸ்பானியமும் ஒருமை வடிவத்தைப் பார்த்துப் பன்மையின் அழுத்தத்தையும் முன்னுக்கு இழுத்துக்கொண்டன. இதை ஒலி மாற்றம் என்று மட்டும் சொல்லி விடுவது போதாது. திரிபுகள் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொண்டன என்பதுதான் சரியான விளக்கம்.

எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் வடிவங்களை அழுத்தமே பிரிக்கிறது. 'ஃபலார' என்றால் 'பேசியிருந்தான்'. 'ஃபலரா' என்றால் 'பேசுவான்'. பன்மையில் இறுதி மூக்கொலி இரண்டிலும் ஒன்றே. 'ஃபலாரவுன்' இறந்தகாலம், 'ஃபலராவுன்' எதிர்காலம். பழைய நூல்களில் இந்த இரண்டு ஈறுகளையும் எழுதுவதில் ஒழுங்கு இல்லை. ஒரே எழுத்துக்கூட்டு இரண்டுக்கும் வரும், வாசகர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கொன்சால்வெஸ் வியானா (1840–1914) முன்னின்ற 1911-ஆம் ஆண்டின் போர்ச்சுகல் எழுத்துச் சீர்திருத்தம் அழுத்தமற்ற ஈற்றுக்கு ஒரு வடிவம், அழுத்தம் பெற்ற ஈற்றுக்கு வேறொரு வடிவம் என்று நிலைப்படுத்தியது. அழுத்தம் பொருளை மாற்றும் மொழியில் எழுத்து அதைக் காட்டியாக வேண்டும் என்ற தெளிவு அந்த முடிவில் இருந்தது.

3. பின்னால் ஒட்டும் பெயர்

'அதை', 'அவருக்கு', 'எனக்கு' போன்ற மூவிடப்பெயர்களுக்குப் போர்த்துகீசியத்தில் அழுத்தமற்ற சிறு வடிவங்கள் உண்டு. அவை தனித்து நிற்கமாட்டா. வினைக்கு முன்னோ பின்னோ இடையிலோ சார்ந்தே வரும். அவற்றை ஒட்டுப்பெயர் என்று அழைக்கிறேன். பின்னால் ஒட்டும்போது இணைப்புக்கோடு போடுவார்கள். வினை 'ர்' அல்லது 'ஸ்' ஒலியில் முடிந்தால் அந்த மெய் கெட்டு, 'அதை' என்னும் ஒட்டுப்பெயர் 'லு' என்று திரியும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நம் புணர்ச்சி இலக்கணம் வகுத்ததில் கெடுதலும் திரிதலும் இங்கே கைகோத்து நிகழ்கின்றன.

இந்தப் புணர்ச்சியின் விளைவாக, எழுத்தில் ஒரே ஒரு குறியால் மட்டும் வேறுபடும் இணைகள் பிறக்கின்றன. 'ஃபஸேர்' என்பது 'செய்ய' என்னும் அகராதி வடிவம். அதனோடு 'அதை' சேர்ந்தால் 'ஃபஸே-லு', அதாவது 'அதைச் செய்ய'. 'ஃபாஸெஷ்' என்பது 'நீ செய்கிறாய்'. அதனோடு 'அதை' சேர்ந்தால் 'ஃபாஸெ-லு', அதாவது 'நீ அதைச் செய்கிறாய்'. கெட்ட மெய் எதுவென்று எழுத்தில் இப்போது தெரியாது. இரண்டாவது அசையின் மேலுள்ள கூரைக்குறி ஒன்றே முன்னதைப் பின்னதிலிருந்து பிரிக்கிறது. 'கொம்ப்ரா-லு' (அதை வாங்க), 'கோம்ப்ர-லு' (நீ அதை வாங்குகிறாய்) என்ற இணையும் அப்படியே. மெய் போன இடத்தின் நினைவை அழுத்தம்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் பள்ளி ஆசிரியர்கள் ஓயாமல் திருத்தும் பிழை ஒன்று இங்கிருந்துதான் வருகிறது. 'ஃபால-ஸெ' என்றால் 'பேசப்படுகிறது', இணைப்புக்கோடு உண்டு. 'ஃபலாஸெ' என்றால் 'பேசினால்' என்ற நிபந்தனைப் பொருளில் வரும் வடிவம், இணைப்புக்கோடு இல்லை. மாணவர்கள் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். இதைவிடச் சுவையான இணை 'கொம்ப்ராமுஷ்', 'கோம்ப்ர-முஷ்'. முன்னதற்கு 'வாங்குகிறோம்' என்று பொருள். பின்னதில் 'முஷ்' என்பது 'எனக்கு', 'அவற்றை' என்ற இரண்டு ஒட்டுப்பெயர்களின் சேர்க்கை; முழுப்பொருள் 'அவற்றை எனக்கு வாங்கித் தருகிறான்'. எழுத்துகள் அனைத்தும் ஒன்றே, வேறுபாடு ஒரு கோடு மட்டும். பேச்சிலோ அழுத்தம் முதலசைக்கும் இரண்டாம் அசைக்கும் இடையே தெளிவாக இடம் மாறுகிறது. காதால் யாரும் குழம்புவதில்லை. எழுதும்போதுதான் 'வாங்குகிறோம்' என்பதற்கும் கோடு போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லித்தரும் சோதனை எளியது: வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பார். எதிர்மறைச் சொல் வந்தால் ஒட்டுப்பெயர் வினைக்கு முன்னால் நகர்ந்துவிடும். விகுதி நகராது. நகர்ந்தால் கோடு போடு, நகராவிட்டால் சேர்த்து எழுது. நல்ல சோதனைதான். ஆனால் இதைவிட நேரான சோதனை மாணவரின் வாயிலேயே இருக்கிறது. சொல்லை உரக்கச் சொல்லி அழுத்தம் விழும் அசையைக் கண்டால் போதும். பாடநூல்கள் தொடரமைப்புச் சோதனையை முன்னிறுத்தி அழுத்தத்தைப் பின்னால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாய்மொழியாகப் பேசுகிற குழந்தை அழுத்தத்தை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அதற்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவதே முறை.

பின்னால் ஒட்டும் பெயர் வேறொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. 'கொம்ப்ராவமுஷ்' (வாங்கிக்கொண்டிருந்தோம்) என்ற வடிவம் ஏற்கெனவே மூன்று அசை எல்லையின் விளிம்பில் நிற்கிறது. அதனோடு 'உங்களுக்கு', 'அதை' என்ற இரண்டு ஒட்டுப்பெயர்கள் சேர்ந்தால் 'கொம்ப்ராவமுஷ்-வு-லு'. இப்போது அழுத்தம் கடைசியிலிருந்து ஐந்தாவது அசையில் இருக்கிறது. தனிச்சொல் எதுவும் இப்படி அமைய முடியாது. எல்லையை இப்படித் தாண்டும் வடிவங்களுக்கு இலக்கணிகள் 'பிஸிஷ்த்ரூஷுல' என்று தனிப்பெயர் வைத்து விதிவிலக்காக்கினர். பெயர் வைத்ததால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

பிரேசில் மொழியியலாளர் ஜுவாகிம் மத்தோஸு கமரா (1904–1970) இதை வேறு கோணத்தில் அணுகினார். அவர் அசைகளின் வலிமையை 0 முதல் 3 வரை அளந்தார். சொல்லின் முதன்மை அழுத்தத்துக்கு 3, அதற்கு முன்வரும் அசைகளுக்கு 1, பின்வருவனவற்றுக்கு 0. ஒட்டுப்பெயர் பின்னால் சேரும்போது அது 0 மதிப்புடைய இன்னோர் அசையாகிறது. ஆகவே காதுக்கு அது வினையின் பகுதியே. இலக்கணத்தின் சொல் ஒன்று, ஒலியின் சொல் ஒன்று. இவை இரண்டின் எல்லைகளும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் ஐந்தாம் அசை அழுத்தம் வியப்பளிப்பதில்லை. அழுத்த விதி இலக்கணச் சொல்லின்மேல் முதலில் செயல்பட்டு முடிந்துவிடுகிறது. ஒட்டுப்பெயர் அதன் பிறகே வந்து சேர்கிறது.

4. இடையில் நிற்கும் பெயர்

இப்போது மெஸாக்லிஸுக்கு வருவோம். எதிர்காலத்திலும் நிபந்தனை வடிவத்திலும் மட்டுமே இது நிகழும். 'தரேய்' என்றால் 'கொடுப்பேன்'. 'அவருக்குக் கொடுப்பேன்' என்பது 'தார்-ல்யெ-ஏய்'. பாடநூல்கள் பலவும் எதிர்கால வடிவத்தைப் பிளந்து நடுவில் பெயரைச் செருகுவதாக விளக்குகின்றன. கற்பதற்கு வசதியான விளக்கம். ஆனால் வரலாறு நேரெதிர் திசையில் நடந்தது.

இலத்தீனின் பழைய எதிர்கால வடிவம் வழக்கொழிந்தபோது, மக்கள் பேச்சில் 'கொடுக்க வேண்டியிருக்கிறேன்' என்பது போன்ற ஈருறுப்புத் தொடர் அந்த இடத்தைப் பிடித்தது. வினையின் அகராதி வடிவமும், 'உடையேன்' என்று பொருள்படும் துணைவினையும் அதன் உறுப்புகள். நாளடைவில் துணைவினை தேய்ந்து விகுதியாயிற்று. அந்த இணைவின் மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுவது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃப்ரெடெகார் வரலாற்றேட்டில் வரும் 'தராஸ்' என்ற வடிவம். 'கொடுப்பாய்' என்பது அதன் பொருள். பிரெஞ்சு, இத்தாலியம் போன்ற மொழிகளில் இந்த இணைவு முழுமையடைந்தது. பழைய ஸ்பானியத்தில் இடையில் ஒட்டுப்பெயர் நிற்க இடமிருந்தது. பின்னர் அந்த மொழி அதை மூடிவிட்டது. போர்த்துகீசியத்தில் மட்டும் இடைவெளி மூடப்படவில்லை. ஆகவே அங்கே எதுவும் பிளக்கப்படவில்லை. ஒட்டுப்பெயர் நின்ற இடத்தில் ஒட்டுதலே நிகழவில்லை என்பதுதான் உண்மை. 1911-க்கு முந்தைய அச்சு நூல்களில் விகுதியின் தலையில் துணைவினைக்குரிய 'ஹ' எழுத்தும் இருந்தது. உச்சரிப்பில் இல்லாவிட்டாலும், அது தனிச்சொல் என்ற நினைவு கண்ணுக்குத் தெரிந்தது. சீர்திருத்தம் அந்த எழுத்தை நீக்கியது.

இரட்டை உறுப்பின் தடம் அழுத்தத்தில் இன்றும் இருக்கிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று அழுத்தமற்ற உயிர்களின் குறுக்கம். லிஸ்பன் உச்சரிப்பில் அழுத்தம் பெறாத 'ஆ' மங்கிய, குறுகிய ஒலியாகிவிடும். 'அதை வாங்கமாட்டேன்' என்ற எதிர்மறையில் ஒட்டுப்பெயர் முன்னால் போய்விடுவதால் வினை 'கொம்ப்ரரேய்' என்று முழுமையாக நிற்கும். அழுத்தம் கடைசி அசையில். 'ப்ர'வின் உயிர் மங்கிவிட்டது. அதே வினை உடன்பாட்டில் 'கொம்ப்ரா-லு-ஏய்' ஆகும்போது 'ப்ரா'வின் உயிர் திறந்த, முழு ஒலியாகத் திரும்பி வருகிறது. காலம், இடம், எண் எதுவும் மாறவில்லை. பெயர் இடம் மாறியதும் ஓர் உயிரின் தரமே மாறிவிட்டது. முழு உயிர் பொதுவாக அழுத்தமின்றி வராது. ஆகவே அங்கே ஓர் அழுத்தம் இருக்கிறது. விகுதியில் இன்னொன்று, அதைவிட வலியது.

எழுத்துமுறையும் இதை ஒப்புக்கொள்கிறது. போர்த்துகீசியத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு அழுத்தக்குறிதான். மூக்கொலியைக் காட்டும் நெளிகோடு வேறு கணக்கு. 'வாய்ப்பிருந்தால் அதை வாங்குவோம்' என்னும் 'கொம்ப்ரா-லு-ஈஅமுஷ்' வடிவத்திலோ 'ப்ரா'வின்மேல் ஒன்று, 'ஈ'யின்மேல் ஒன்று என இரண்டு ஏறுகுறிகள் நிற்கின்றன. 1990 டிசம்பர் 16 அன்று லிஸ்பனில் கையெழுத்தான எழுத்துமுறை ஒப்பந்தமும் இத்தகைய வடிவங்களை எடுத்துக்காட்டி, கோட்டால் பிரிந்த ஒவ்வொரு உறுப்பையும் தனிச்சொல் போலவே குறியிடச் செய்கிறது. 'தார்-ல்யெ-ஏய்' வடிவத்தில் குறி இல்லாததற்கும் இதுவே காரணம். 'ர்' ஈற்றுச் சொல் இயல்பாகவே இறுதியில் அழுத்தம் பெறும், குறி தேவையில்லை.

ஒரு வரலாற்றுச் செய்தி இந்த வாதத்தை மேலும் உறுதிசெய்கிறது. முன்பு, குறுமைப்பொருள் விகுதி சேர்ந்த பெயர்களிலும் வினையடைகளிலும் மூலச்சொல்லின் அழுத்தத்தைக் காட்டச் சாய்வுக்குறி இடுவார்கள். பிரேசில் 1971-இலும் போர்ச்சுகல் 1973-இலும் சட்டம் இயற்றி அந்தத் துணைக்குறிகளை நீக்கின. மெஸாக்லிஸில் இருந்த குறிகளை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. விகுதி சேர்ந்த சொல்லில் வரும் துணையழுத்தத்தை எழுதாமல் விடலாம், இதை விட முடியாது என்று சட்டம் வகுத்தவர்கள் கருதியதாகவே இதைப் படிக்க வேண்டும். அவர்கள் இங்கே கண்டது இரண்டு சொற்களை.

இதுவரை சொன்னவை இரண்டு சொல் என்ற பக்கமே சாய்கின்றன. மரீனா விகாரியு 2003-இல் வெளியிட்ட ஐரோப்பியப் போர்த்துகீசிய ஒலியமைப்பு பற்றிய நூலும் இந்தப் பக்கத்து வாதங்களை ஒலியியல் அடிப்படையில் வலுவாக முன்வைக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாத சான்று ஒன்று இருக்கிறது. 'செய்ய' என்பதன் அகராதி வடிவம் 'ஃபஸேர்'. 'சொல்ல' என்பது 'திஸேர்'. இவற்றின் எதிர்காலம் 'ஃபரேய்', 'திரேய்' என்று சுருங்கியிருக்கும். மெஸாக்லிஸில் என்ன வருகிறது? முழு வடிவம் வருவதில்லை. 'ஃபா-லு-ஏய்', 'தீர்-ல்யெ-ஏய்' என்று சுருங்கிய பகுதியே வருகிறது. 'ஃபார்', 'தீர்' என்ற இந்தத் துண்டுகள் எதிர்காலத்துக்கும் நிபந்தனை வடிவத்துக்கும் வெளியே எங்கும் வாழ்வதில்லை. இரண்டு தனிச்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்றால், அவற்றுள் ஒன்று தனித்து வாழவே முடியாத சொல்லாக இருப்பது எப்படி? அனா லூயிஸும் ஆண்ட்ரூ ஸ்பென்சரும் 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஒட்டுப்பெயர்களையே வினைத்திரிபின் உறுப்புகளாகக் கொண்டு, மெஸாக்லிஸ் முழுவதையும் ஒரே திரிபுப் பட்டியலின் ஒரு கட்டமாக விளக்க முயன்றனர். சுருங்கிய பகுதிகளைப் பொறுத்தவரை அவர்களுடைய விளக்கமே நேரானது.

இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாகக் காட்டப்படும்போது நான் உடன்படத் தயங்குகிறேன். அவர்கள் அளப்பது வேறுவேறு பொருள்கள். சொல்லாக்கத்தின் கண்ணுக்கு 'ஃபா-லு-ஏய்' ஒன்று. காதுக்கு அது இரண்டு. துணைவினை விகுதியாகத் தேயும் நீண்ட பாதையில், பொருளும் பகுதியும் முழுமையாக இணைந்துவிட்ட பிறகும் அழுத்தம் மட்டும் இணையாமல் நின்றுவிட்ட ஒரு கட்டத்தை மெஸாக்லிஸ் நமக்குக் காட்டுகிறது. மற்ற ரோமானிய மொழிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கடந்துவிட்ட அந்தக் கட்டத்தை இங்கே உயிரோடு பார்க்க முடிகிறது. இந்த வடிவத்தின் மதிப்பு எனக்கு அதில்தான் இருக்கிறது.

5. அசை உடையும் இடம்

அசைப்பிரிப்பில் போர்த்துகீசிய விதி வெளிப்படையானது. 1990 ஒப்பந்தத்தின் இருபதாம் பகுதி, அசை பிரிக்கும்போது உச்சரிப்பைப் பின்பற்ற வேண்டும், சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டியதில்லை என்கிறது. 'மறைய' என்று பொருள்படும் 'தெஸபரெஸேர்' சொல்லில் 'தெஸ்' என்பது எதிர்மறை முன்னொட்டு. ஆனால் பிரிப்பது தெ-ஸ-ப-ரெ-ஸேர் என்று. முன்னொட்டின் மெய் அடுத்த உயிரோடு சேர்ந்துவிடுகிறது. கொள்ளுப்பாட்டியைக் குறிக்கும் 'பிஸவோ'வும் அப்படியே: பி-ஸ-வோ. மெய்யின்மேல் உயிர் ஏறி ஒன்றாவது நமக்குப் புதிதல்ல. சீர் ஒழுங்குக்காகச் சொல்லைப் பொருளெல்லை பாராமல் பிரிப்பதற்கு நம் யாப்பிலக்கணம் வகையுளி என்று பெயரே வைத்திருக்கிறது.

அதே பகுதியின் கடைசி விதி இதற்கு மாறாகச் செல்கிறது. இணைப்புக்கோடு உள்ள வடிவத்தை வரியிறுதியில் அந்தக் கோட்டிலேயே உடைத்தால், தெளிவுக்காக அடுத்த வரியின் தொடக்கத்திலும் கோட்டை மறுபடி இட வேண்டும் என்கிறது. அதற்கு ஒப்பந்தம் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மெஸாக்லிஸ் வடிவம்: 'ஸெரெனா-லுஸ்-ஏமுஷ்', அதாவது 'அவர்களை அமைதிப்படுத்துவோம்'. 'ஸெரெனா-'வுக்குப் பின் உடைக்கலாம். அல்லது 'ஸெரெனா-லுஸ்-' வரை ஒரு வரியிலும் '-ஏமுஷ்' அடுத்த வரியிலும் வரலாம். இரண்டாவது வழியைப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யாரும் 'லுஸ்' என்று நிறுத்தி 'ஏமுஷ்' என்று தொடங்குவதில்லை. ஸெ-ரெ-னா-லு-ஸே-முஷ் என்றுதான் சொல்கிறார்கள். உச்சரிப்பே அளவுகோல் என்று தொடங்கும் பகுதி, தன் கடைசி எடுத்துக்காட்டில் உச்சரிப்பு உடைக்காத இடத்தில் உடைக்க அனுமதிக்கிறது. முரண் என்று இதைக் குறை சொல்ல மாட்டேன். வரியை உடைப்பவர் வாசகரின் கண்ணுக்காக உடைக்கிறார்; கண்ணுக்கு உறுப்புகள் தெரிய வேண்டும். ஆனால் இணைப்புக்கோடுதான் அசையெல்லை என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு. அந்தத் தவறு பயிற்சிப் புத்தகங்களில் நிறைய நடக்கிறது.

அசை மாறிச் சேர்ந்துவிட்டது என்பதற்கு ஒலிச் சான்றும் உண்டு. லிஸ்பன் உச்சரிப்பில் அசையிறுதியில் வரும் 's' எழுத்து 'ஷ்' என்று ஒலிக்கும். அதனால்தான் 'முஷ்' என்று எழுதிவருகிறேன். உயிருக்கு முன்னால் வந்தால் அதே எழுத்து அதிர்வொலியாகி, நான் 'ஸ்' என்று காட்டும் ஒலியாகிறது. 'நாங்கள் கழுவிக்கொள்வோம்' என்பது 'லவார்-நுஸ்-ஏமுஷ்'. இதில் தனியே நின்றால் 'நுஷ்' என்று ஒலிக்க வேண்டிய ஒட்டுப்பெயர் 'நுஸ்' ஆகிவிட்டது. மெய் தன் அசையை விட்டு அடுத்த அசையின் தலைக்கு நகர்ந்துவிட்டது: ல-வார்-நு-ஸே-முஷ்.

இதைக் காட்டி மெஸாக்லிஸ் ஒரே சொல்தான் என்று முடிவுகட்ட முடியாது. 'நண்பர்கள்' என்பதோடு சார்படை சேர்ந்த 'உஸ் அமீகுஷ்' தொடரில் இரண்டு சொற்கள் என்பதில் ஐயமே இல்லை. அங்கும் உ-ஸ-மீ-குஷ் என்றே பிரியும். சொல்லெல்லையைத் தாண்டி மெய் நகர்வது போர்த்துகீசியத்தின் பொது இயல்பு. ஆகவே அசைச் சான்று இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. அழுத்தச் சான்று சொல்லும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே எடையில் வைப்பதால்தான் விவாதம் தேவைக்கு மேல் குழம்புகிறது.

உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் நிலைமை இன்னும் நெகிழ்வானது. 'கொம்ப்ரா-லு-ஏய்' எழுத்தில் நான்கு அசை. வேகப் பேச்சில் 'லு', 'ஏய்' இரண்டும் 'ல்வேய்' என்று உருகி மூன்றாகும். செய்யுள் எழுதுவோருக்கு இது ஒரு வசதி. போர்த்துகீசிய யாப்பில் அடியின் அசைகளைக் கடைசி அழுத்தம் வரை மட்டுமே எண்ணுவார்கள். அந்தக் கணக்குமுறையை நிலைநாட்டியது அந்தோனியு ஃபெலிஸியானு த கஷ்தீல்யு 1851-இல் வெளியிட்ட யாப்பு நூல். மெஸாக்லிஸ் வடிவம் அடியின் ஈற்றில் வந்தால், எண்ணிக்கை விகுதியின் அழுத்தத்தில் முடியும். முதல் அழுத்தம் அடிக்குள் துணையாக நின்றுகொள்ளும். உருக்கிச் சொல்வதா, பிரித்துச் சொல்வதா என்பது கவிஞரின் உரிமை.

6. பேச்சில் இன்றைய நிலை

ஒட்டுப்பெயர் எங்கே நிற்கும் என்ற கேள்வியை நீண்ட காலம் தொடரிலக்கணமாக மட்டுமே பார்த்தார்கள். பிரேசில் இலக்கணி மனுவேல் ஸைத் அலி (1861–1953), 1908-இல் வெளியிட்ட மொழிச்சிக்கல்கள் பற்றிய தம் நூலில் அதை உச்சரிப்போடு பிணைத்தார். போர்ச்சுகலில் அழுத்தமற்ற உயிர் மிகவும் மங்குவதால் ஒட்டுப்பெயர் முன்சொல்லில் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது. பிரேசிலில் அந்த உயிர்கள் தெளிவாக ஒலிப்பதால் அது தொடரின் முதலிலும் நிற்கும் வலிமை பெறுகிறது. இந்தக் கருத்தின் நுணுக்கங்களில் விவாதம் இருந்தாலும், அழுத்தத்தை விட்டுவிட்டு ஒட்டுப்பெயரின் இடத்தைப் பேச முடியாது என்ற அடிப்படையை அது நிலைநிறுத்திவிட்டது.

பிரேசில் பேச்சில் மெஸாக்லிஸ் இன்று இல்லை. 2016 மே மாதம் இடைக்கால அதிபராகப் பொறுப்பேற்ற மிஷேல் தெமெர் தம் உரையில் அதைப் பயன்படுத்தியதே செய்தியாகும் அளவுக்கு அது அரிதாகிவிட்டது. போர்ச்சுகலிலும் அது எழுத்துநடையை விட்டு வெளியே அதிகம் வருவதில்லை. அங்கே இளையோர் 'ஃபரேய்-ல்யெ' என்று விகுதிக்குப் பின் ஒட்டுப்பெயரை வைப்பதை ஆசிரியர்கள் பிழையென்று திருத்துகிறார்கள். அந்தப் பிழையில் ஒரு நியாயம் இருக்கிறது. 'ஃபரேய்' அவர்களுக்கு முழுமையாக இணைந்துவிட்ட ஒரே சொல், ஒரே அழுத்தம், ஒட்டுப்பெயர் மற்ற வினைகளில் நிற்பது போலவே பின்னால் நிற்கிறது. மற்ற ரோமானிய மொழிகள் முடித்துவைத்த இணைவை அவர்கள் இப்போது முடிக்கிறார்கள்.

இரு நாடுகளிலும் பொதுவாக நடந்திருப்பது வேறொன்று. 'போகிறேன்' என்று பொருள்படும் 'வோ' என்ற துணைவினையை முன்னால் வைத்து, அகராதி வடிவத்தைப் பின்னால் வைத்து எதிர்காலத்தைச் சொல்லிவிடுகிறார்கள். விகுதியே தேவைப்படவில்லை. அகராதி வடிவம் தன் இறுதியழுத்தத்தோடு குலையாமல் நிற்கிறது.

இதே தீர்வை மிக முன்னதாகவே எட்டியவர்கள் நமக்கு அருகில் இருக்கிறார்கள். 1505 முதல் 1658 வரை நீடித்த போர்த்துகீசியத் தொடர்பால் இலங்கையில் உருவான கிரியோல் மொழியை மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளின் பறங்கியர் சமூகத்தில் இன்றும் சிலர் பேசுகிறார்கள். 1970-களில் இயன் ஸ்மித் அதன் ஒலியமைப்பை விரிவாக ஆராய்ந்தார். அந்த மொழியில் இடம், எண் காட்டும் விகுதிகள் மறைந்துவிட்டன. போர்த்துகீசிய அகராதி வடிவம், ஈற்று 'ர்' கழிந்து, மாறாத வினையடியாக நிலைத்துவிட்டது. எதிர்காலத்துக்கு 'லொ', நிகழ்காலத்துக்கு 'த', இறந்தகாலத்துக்கு 'ஜ' என்ற உருபுகள் வினைக்கு முன்னால் வருகின்றன. 'லொ' என்பது 'விரைவில்' எனப் பொருள்படும் 'லோகு' என்ற சொல்லின் தேய்வு. தமிழோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததால் செயப்படுபொருள் வேற்றுமை உருபு பெற்று வினைக்கு முன் வந்துவிட்டது. வினைக்கும் விகுதிக்கும் இடையில் பெயர் நிற்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை. லிஸ்பன் எழுத்துநடை ஐந்நூறு ஆண்டுகளாக இரண்டு அழுத்தங்களால் தாங்கிவரும் பொருளை மட்டக்களப்புப் பேச்சு, முன்னால் நிற்கும் ஓரசை உருபாலும் ஒற்றை அழுத்தம் பெற்ற வினையாலும் சொல்லிவிடுகிறது.